மதிப்புச் சங்கிலியில் என் அம்மாவுக்குப் பெட்டி இல்லை

கடந்த ஆண்டு மூன்று நாள் பயிற்சி ஒன்றுக்குப் போயிருந்தேன். தலைப்பு, "தோட்டக்கலைப் பயிர்களில் மதிப்புச் சங்கிலி மேலாண்மை". நடத்திய நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. எங்கே போனாலும் இதே பாடம்தான், இதே படம்தான். திரையில் ஏழு பெட்டிகள்: இடுபொருள், சாகுபடி, திரட்டல், தரம் பிரித்தல், பதப்படுத்தல், வணிகம், நுகர்வோர். பெட்டிக்குப் பெட்டி அம்புக்குறி. சாகுபடி என்ற பெட்டிக்குக் கீழே தலைப்பாகை கட்டி, தோளில் மண்வெட்டி வைத்த ஒருவரின் படம். அவர்தான் விவசாயி.

எடுத்துக்காட்டுக்கு மதுரை மல்லிகையை எடுத்துக்கொண்டார்கள். 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, வெளிநாட்டுக்குப் போகிறது, பூவில் இருந்து வாசனைச் சாறு எடுக்கலாம், அதில் இவ்வளவு லாபம் என்று நன்றாகத்தான் விளக்கினார்கள். கேள்வி நேரத்தில் நான் கேட்டேன்: "சார், பூப் பறிக்கிறவங்க இதுல எந்தப் பெட்டியில வர்றாங்க?" பயிற்சியாளர் கோபப்படவில்லை, சிரித்துக்கொண்டே சொன்னார்: "அது லேபர் காஸ்ட்மா. சாகுபடிச் செலவுல வந்துரும்." அடுத்த திரையில் சாகுபடிச் செலவுப் பட்டியல் வந்தது. தொழுவுரம், பூச்சிமருந்து, கவாத்து, ஆள்கூலி. பூச்சிமருந்துக்கும் கவாத்துக்கும் பக்கத்தில் ஒரே வரியில் என் அம்மா இருந்தார்.

என் அம்மா 26 ஆண்டுகளாகப் பூப் பறிக்கிறார். திண்டுக்கல் மாவட்டத்தில் எங்கள் கிராமத்தைச் சுற்றி மல்லிகைத் தோட்டங்கள்தான். தோட்டங்கள் ஊரில் இருப்பவர்களுடையவை. பறிக்கும் கைகள் காலனியைச் சேர்ந்தவை. (காலனி என்ற சொல்லை அரசு ஆவணங்களில் இருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். நல்லது. சொல் போகும், தெரு அங்கேயேதான் இருக்கும்.) எங்கள் குடும்பத்தில் முதலில் கல்லூரிக்குப் போனவள் நான். தோட்டக்கலை படித்தேன். இப்போது ஒரு உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் களப்பணியாளர். அதாவது அந்த ஏழு பெட்டிப் படத்தைக் கிராமம் கிராமமாக எடுத்துப்போய் விளக்குவது என் வேலை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மல்லிகை தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்கிறேன். பூ விரிந்துவிட்டால் அதற்குச் சந்தை இல்லை. மாலையில் விரியப்போகும் மொட்டை அன்று அதிகாலையிலேயே பறித்தாக வேண்டும். மூன்று, மூன்றரை மணிக்கு எழுந்து, தலையில் பேட்டரி விளக்கை மாட்டிக்கொண்டு, சேலை மடியைக் கட்டிக்கொண்டு வரிசையில் இறங்குவார்கள். எது இன்றைக்கு விரியும் மொட்டு, எது நாளைக்கு உரியது என்று அந்த இருட்டில் விரல்தான் பார்த்துச் சொல்லும். தவறாகப் பறித்தால் இன்றைக்கும் விலை இல்லை, நாளைக்கும் பூ இல்லை. பயிற்சியில் தரம் பிரித்தல் என்று தனிப்பெட்டி போட்டு அதற்கு இயந்திரம் காட்டினார்களே, அந்தத் தரம் பிரிப்பு செடியிலேயே நடந்து முடிந்துவிடுகிறது. அந்தத் திறமையை எந்தக் கல்லூரியும் எனக்குக் கற்றுத்தரவில்லை. பள்ளி விடுமுறைகளில் அம்மாதான் கற்றுக்கொடுத்தார், என் விரல்களைப் பிடித்து.

கூலி எடைக்கணக்கில். கிலோவுக்கு இவ்வளவு. இதில் ஒரு சூது இருக்கிறது. சித்திரை வெயிலில் பூ கொட்டும்போது அம்மா ஒரு காலையில் நான்கு கிலோ பறிப்பார். அப்போது சந்தையில் விலை இல்லை, மிஞ்சும் பூ அடிமாட்டு விலைக்கு செண்ட் கம்பெனிக்குப் போகும். மார்கழிப் பனியில் செடி சுருங்கிவிடும். கிலோ 4,000 ரூபாய் என்று தொலைக்காட்சியில் செய்தி போடுவார்கள். அன்று விடிய விடியப் பனியில் நின்று பறித்தாலும் அம்மாவின் மடியில் ஒரு கிலோ சேராது. எடைக்கூலி என்றால், பூவின் விலை உச்சத்தில் இருக்கும் மாதத்தில்தான் பறிப்பவளின் வருமானம் தரையில் கிடக்கும். சில தோட்டக்காரர்கள் அப்போது மட்டும் நேரக்கூலிக்கு மாறிக்கொள்வார்கள். பெருந்தன்மையால் இல்லை, இல்லாவிட்டால் ஆள் வராது. பூவின் விலை பத்து மடங்கு ஏறி நான் பார்த்திருக்கிறேன். பறிகூலி பத்து மடங்கு ஏறி யாராவது பார்த்திருந்தால் எனக்குச் சொல்லுங்கள்.

உடனே தோழர்கள் ஒன்று சொல்வார்கள்: "விவசாயிக்கே ஒன்றும் கிடைப்பதில்லையே, எல்லாம் இடைத்தரகர் சுரண்டல்." உண்மைதான், மறுக்கவில்லை. 2024 அக்டோபரில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைகளின்படி, நாம் தக்காளிக்குக் கொடுக்கும் ஒரு ரூபாயில் விவசாயியின் கைக்குப் போவது ஏறத்தாழ 33 காசு. வெங்காயத்தில் 36, உருளையில் 37, வாழைப்பழத்தில் 31. அந்தச் செய்தி வந்த நாளில் என் முற்போக்கு நண்பர்கள் எல்லோரும் அதைப் பகிர்ந்தார்கள், நானும் பகிர்ந்தேன். ஆனால் அந்த 33 காசுக்குள்ளே என்ன நடக்கிறது என்று கேட்ட ஒரு பதிவைக்கூட நான் பார்க்கவில்லை. தக்காளி தானாகக் கூடையில் வந்து விழுகிறதா? நாற்று நட்டவர், களை எடுத்தவர், பறித்தவர், சுமந்து வண்டியில் ஏற்றியவர் ஆகிய அத்தனை பேரும் அந்த 33 காசுக்குள் "செலவாக" ஒளிந்திருக்கிறார்கள். பொருளாதாரக் கட்டுரை விவசாயி என்ற சொல்லோடு நின்றுவிடுகிறது. கட்டுரை நிற்கும் அந்த இடத்தில்தான் சாதி தொடங்குகிறது.

ஏனென்றால் இந்த நாட்டில் விவசாயி என்பது வேலையின் பெயர் இல்லை, பட்டாவின் பெயர். 2011 கணக்கெடுப்பில் இந்திய மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் 16.6 விழுக்காடு. 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் அவர்கள் சாகுபடி செய்யும் நிலம் மொத்தப் பரப்பில் சுமார் 8.6 விழுக்காடு. தமிழ்நாட்டு மக்களில் ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதியினர். மண்ணில் நிற்கும் ஆட்களை எண்ணினால் ஒரு கணக்கு வரும், மண்ணை வைத்திருப்பவர்களை எண்ணினால் வேறு கணக்கு வரும். இந்த இடைவெளி தானாக வந்ததில்லை. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891-இல் அறிக்கை கொடுத்து, 1892-இல் ஆணை பிறந்து, ஒடுக்கப்பட்டோருக்கென்று ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம் சென்னை மாகாணத்தில் 12 லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படுகிறது. வேறு சாதியாருக்கு விற்கக்கூடாது என்று நிபந்தனையும் போட்ட நிலம். அது இன்றைக்கு யார் கையில் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். அதை மீட்கப் போராடித்தான் 1994 அக்டோபரில் ஜான் தாமசும் ஏழுமலையும் காரணைப் போராட்டத்தில் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானார்கள். மதிப்புச் சங்கிலி என்ற பாடத்தில் "நிலம்" என்பது முதல் பெட்டிக்கும் முன்னால், படத்துக்கு வெளியே இருக்கிறது. யாருக்கு எப்படி வந்தது என்று அங்கே கேட்க முடியாது. கேட்டால் "அது அரசியல், நாம் மார்க்கெட்டிங் பேசுகிறோம்" என்பார்கள்.

சரி, மார்க்கெட்டிங்கே பேசுவோம்.

உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் தொடங்கியது. நான் மதிக்கிற திட்டம் அது. தரகு இல்லை, எடைக்குத் தராசு கொடுத்தார்கள். ஆனால் கடை போட அடையாள அட்டை வேண்டும், அட்டைக்கு நிலத்தின் ஆவணம் வேண்டும். எங்கள் தெருவில் மூன்று குடும்பங்கள் குத்தகைக்குக் கத்தரியும் வெண்டையும் போடுகிறார்கள். எல்லாம் வாய்ப்பேச்சுக் குத்தகை. இவர் என் நிலத்தில் பயிர் செய்கிறார் என்று எழுதிக்கொடுக்க நிலக்காரர் மறுக்கிறார். காரணம் எளிது. குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. எழுத்து என்று ஒன்று இருந்தால் உரிமை என்று ஒன்று முளைத்துவிடும் என்ற பயம். ஆக வெயிலில் நின்றவர் கத்தரிக்காயைக் கமிஷன் கடைக்குக் கொண்டுபோகிறார். 2019-இல் வந்த பிரதமர் கிசான் திட்டத்திலும் அதே கதை. ஆண்டுக்கு 6,000 ரூபாய் நிலத்தின் பெயர் யாரிடம் இருக்கிறதோ அவர் கணக்குக்குப் போகும், உழுகிறவர் கணக்குக்குப் போகாது.

கமிஷன் கடைக்கு வருவோம். பூச்சந்தையில் கடைக்காரர் தோட்டக்காரருக்கு முன்பணம் கொடுப்பார். கிணறு தோண்ட, மகள் கல்யாணத்துக்கு, ஆஸ்பத்திரிச் செலவுக்கு. வட்டி கேட்கமாட்டார், பூவைத் தன் கடைக்கே கொண்டுவர வேண்டும் என்பார். எங்கள் பக்கத்தில் நூற்றுக்குப் பத்து கமிஷன். பயிற்சியில் இதற்கு "நம்பிக்கை அடிப்படையிலான உறவு" என்று பெயர் வைத்திருந்தார்கள். நம்பிக்கை என்றால் என்ன? நிலம் இருக்கிறவனிடம் வைக்கிற நம்பிக்கை. மாமன் மச்சான், ஒரே குலதெய்வம், ஒரே கல்யாண மண்டபம் என்ற வட்டத்துக்குள் சுற்றிவருகிற நம்பிக்கை. ஈடு வைக்க ஒன்றும் இல்லாத, கல்யாணப் பத்திரிகை வைக்கும் உறவும் இல்லாத ஒரு அருந்ததியர் இளைஞன் நாளைக்குச் சந்தையில் கடை எடுக்க வேண்டுமென்றால் யார் அவனை நம்பி முன்பணம் கொடுப்பார்கள்? அவனிடம் பூவைக் கொண்டுவந்து கொடுக்க எந்தத் தோட்டக்காரர் வருவார்? சாதியைப் பழக்கவழக்கம், மனநிலை என்று மட்டும் பேசுகிறவர்கள் ஒருநாள் காலை ஆறு மணிக்கு ஏதாவது ஒரு சந்தைக்கு வந்து பாருங்கள். கல்லாவில் உட்கார்ந்திருப்பது யார், மூட்டை தூக்குவது யார், ஏலம் முடிந்ததும் அழுகலைக் கூட்டி அள்ளுவது யார் என்று. பெயர்களைக் கேட்க வேண்டாம், நிற்கும் இடத்தை வைத்தே சொல்லிவிடலாம்.

இந்தத் தரகை ஒழிக்கத்தான் மின்னணுச் சந்தை என்று இ-நாம் வந்தது. 2016-இல் தொடங்கிவைத்தார்கள். எந்த நாளில் தெரியுமா? ஏப்ரல் 14, அண்ணலின் பிறந்தநாளில். கணினிக்குச் சாதி தெரியாது என்றார்கள். கணினிக்குத் தெரியாதுதான். ஆனால் கணினி வரைக்கும் சரக்கைக் கொண்டுவர ஒருவரிடம் சரக்கு இருக்க வேண்டுமே. சரக்குக்கு நிலம் வேண்டும். சங்கிலியின் கடைசிக் கண்ணியைப் பளபளப்பாக்கினால் முதல் கண்ணியின் துரு போய்விடுமா?

இப்போது நான் வேலை பார்க்கிற இடத்துக்கு வருகிறேன். உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் 10,000 அமைப்போம் என்று 2020-இல் ஒன்றிய அரசு திட்டம் போட்டது. சிறு விவசாயிகள் பங்குப்பணம் போட்டு, சேர்ந்து வாங்கி, சேர்ந்து விற்று, லாபத்தைப் பிரித்துக்கொள்வது. எனக்கு இதில் இன்னும் நம்பிக்கை உண்டு, இல்லையென்றால் வேலையை விட்டிருப்பேன். எங்கள் நிறுவனத்திலும் மல்லிகைத் தோட்டக்காரர்கள் உறுப்பினர்கள். பூப் பறிக்கும் ஒரு பெண்கூட உறுப்பினர் இல்லை. ஏன் என்று கேட்டபோது, "சட்டத்துல இடமில்லைம்மா, உற்பத்தியாளர் மட்டும்தான் சேர முடியும்" என்றார்கள். நானும் ஒரு வருடம் அதை நம்பினேன்.

பிறகு சட்டத்தை எடுத்துப் படித்தேன். 2003-இல் கம்பெனிச் சட்டத்துக்குள் உற்பத்தியாளர் நிறுவனம் என்ற பகுதி வந்தது. இப்போது 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 378அ பிரிவு. உற்பத்தியாளர் என்றால் யார் என்று அதில் விளக்கியிருக்கிறார்கள். நிலம் வைத்திருப்பவர் என்று அதில் இல்லை, பட்டா என்ற சொல்லே இல்லை. முதல்நிலை விளைபொருள் தொடர்பான எந்த ஒரு செயலில் ஈடுபட்டிருப்பவரும் உற்பத்தியாளர்தான். பூப் பறிப்பது விளைபொருள் தொடர்பான செயல் இல்லையா? அப்புறம் அது என்ன, உடற்பயிற்சியா? சட்டம் கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. கதவுக்கு முன்னால் கட்டிலைப் போட்டு உட்கார்ந்திருப்பது ஊர்.

இதைப் படித்த அன்று எனக்கு வந்த கோபம் நிறுவனத்தின் மேல் மட்டும் இல்லை, என் மேலும்தான். கையில் பட்டமும் கைபேசியும் இருந்தும் ஒரு வருடம் "சட்டத்துல இடமில்லை" என்ற ஒரு வாக்கியத்தை அப்படியே அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். அம்மாவும் "அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு உறங்கப் போயிருக்கிறார்.

இந்தப் பத்தியைப் படிக்கும் இளைஞர்களிடம் ஒரு மனத்தாங்கல் எனக்கு உண்டு. "விவசாயியைக் காப்போம்" என்று எழுதிய சட்டை போடுகிறீர்கள். சினிமாவில் விவசாயி அழுதால் நீங்களும் அழுகிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை இயற்கை அங்காடிக்குப் போய் "உழவரிடமிருந்து நேரடியாக" என்ற பையை வாங்கி வருகிறீர்கள். பையில் உழவரின் படம் இருக்கும், மீசையோடு சிரிப்பார். இடைத்தரகரை ஒழித்துவிட்டோம் என்று உங்களுக்கு நிம்மதி. களைக்கொல்லி அடிக்காத வயலில் களையை யார் எடுத்தது என்று அந்தப் பையில் எங்காவது எழுதியிருக்கிறதா? களைக்கொல்லி இல்லையென்றால் பெண்கள் குனிந்திருக்கும் நாட்கள் கூடும், அவ்வளவுதான். களைக்கொல்லி வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இயற்கை விவசாயத்தின் கூடுதல் விலையில் அந்த முதுகுவலிக்குப் பங்கு உண்டா என்று கேட்கிறேன். கடைக்காரரிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். மண்புழுவைப் பற்றி அரை மணி நேரம் பேசுகிறவர், கூலியைப் பற்றிக் கேட்டால் பில் போடப் போய்விடுவார்.

நிலக்காரரும் கடனில் இருக்கிறார், அவரையும் எதிரியாக்கலாமா என்று கேட்பீர்கள். அவர் கடனில் இருப்பது உண்மை. அதே கடன்காரரின் பேரன், கல்லூரி படிக்கிற பையன், என் அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான். என் அம்மா அவனை "சாமி" என்கிறார். மல்லிகை விலை விழும்போது அவர்கள் இருவரும் ஒன்றாகத்தான் நட்டப்படுகிறார்கள், ஆனால் நட்டம் இந்த விளிப்பை மாற்றுவதில்லை. விலை ஏறும்போதும் மாற்றுவதில்லை. வர்க்கத்தில் இரண்டு பேரும் அருகருகே நிற்கலாம், ஆனால் தோட்டத்துக் கிணற்றடியில் அம்மா தண்ணீர் குடிக்கத் தனி டம்ளர் தென்னை மரத்தில் செருகித்தான் இருக்கிறது.

பூவுக்குத் தீட்டு இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அம்மா விரல் பட்ட மொட்டு அன்று சாயங்காலம் மாலையாகி எங்கள் ஊர் அம்மன் கழுத்தில் ஏறும். அம்மா அந்தக் கோயில் படியைத் தாண்டியதில்லை. திருவண்ணாமலை மாவட்டம் தென்முடியனூரில் பட்டியல் சாதியினர் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் போக 2023 ஜனவரி வரை, சுமார் 80 ஆண்டுகள் ஆனது, அதுவும் போலீஸ் பாதுகாப்போடு. அந்த 80 ஆண்டுகளும் அந்த அம்மனுக்குப் பூ போயிருக்கும் அல்லவா? யார் பறித்த பூ என்று யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். பொருளுக்குப் போகவர வழி உண்டு, பொருளை உண்டாக்கியவருக்கு இல்லை. பயிற்சியில் காட்டிய அம்புக்குறிகளும் பொருளின் பாதையைத்தான் காட்டின.

என்ன செய்ய வேண்டும் என்றும் சொல்ல வேண்டும், புலம்பிவிட்டுப் போக நான் வரவில்லை. பஞ்சமி நிலத்தை மீட்பதுதான் அடிப்படை. அதில் விட்டுக்கொடுக்க ஒன்றும் இல்லை. ஆனால் அது வரும்வரை பூப்பறிப்புக் காத்திருக்காது. எடைக்கூலியை அன்றைய சந்தை விலையோடு கட்ட வேண்டும், ஒரு குறைந்தபட்சத்துக்குக் கீழே போகாமல். பூ 4,000 விற்றால் பறித்தவளுக்கும் அதில் பங்கு. நடக்காத காரியம் இல்லை. கமிஷன் கடைக்காரர் அப்படித்தானே வாங்குகிறார்? நூற்றுக்குப் பத்து என்றால் விலை ஏற அவர் பங்கும் ஏறுகிறது. ஏலம் கூவுகிறவருக்கு விழுக்காடு, விடியும் முன் பனியில் நின்றவளுக்குக் கட்டைக்கூலி. இந்த வித்தியாசத்துக்கு எந்தப் பொருளாதார நியாயமும் எனக்குச் சொல்லித்தரப்படவில்லை. அரசு கட்டும் ஒவ்வொரு சந்தையிலும் கடைகளில் பட்டியல் சாதியினருக்கு மக்கள்தொகைக்கு ஏற்ற பங்கும், அந்தக் கடையை நடத்த முதலும் வேண்டும். முதல் இல்லாமல் கடை மட்டும் கொடுத்தால் பெயர் எங்களுடையதாகவும் கல்லா வேறொருவருடையதாகவும் ஆகிவிடும். இதை ஊராட்சித் தலைவர் பதவிகளில் பார்த்துவிட்டோம்.

சென்ற மாதம் எங்கள் தெருவில் 11 பெண்கள் உறுப்பினர் விண்ணப்பம் எழுதினார்கள். பங்குப்பணத்தை மகளிர் குழுவில் கடன் வாங்கிக் கட்டத் தயார். விண்ணப்பத்தில் "தொழில்" என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று கேட்டார்கள். விவசாயக் கூலி என்று எழுதப் போன பேனாவை நிறுத்தி, "உற்பத்தியாளர், மல்லிகை" என்று எழுதச் சொன்னேன். அம்மா ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "நெலம் எங்கன்னு கேப்பாங்களே" என்றார். கேட்டால் 378அ என்று சொல்லுங்கள் என்று ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொடுத்தேன். அதை அவர் சுருக்குப்பையில் வைத்திருக்கிறார்.

நான் சம்பளம் வாங்கும் இடத்திலேயே இந்த விண்ணப்பத்தைக் கொடுத்தேன். "இயக்குநர் குழுவுல வெச்சுப் பேசணும்மா, நீ ஏன் இதுல தலையிடுற?" என்று கேட்டார்கள். வேலை இருக்குமா என்று தெரியாது. குழு கூடும் நாளில் 11 பேரும் நேரில் வருவதாகச் சொல்லியிருக்கிறோம். வழக்கமாகக் காலை எட்டு மணிக்குக் கூட்டம் வைப்பார்கள், தோட்டக்காரர்களுக்கு அதுதான் வசதி. பதினொரு மணிக்கு மேல் வைக்கச் சொல்லி எழுத்தில் கேட்டிருக்கிறோம். அதற்கு முன்னால் பறிப்பு முடிந்து, எடை போட்டு, எங்கள் ஆட்கள் வீடு திரும்ப முடியாது.